சாசனமும் சாட்டையும்



நாளை திங்கட்கிழமை. காலை மணி பத்தாகும்போது, சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையிலே, சிறுசேரியிலே, கோவையிலே, பெங்களூரிலே, கண்ணாடியால் சுவரெழுப்பிய மாடங்களிலே ஒரு சடங்கு நடைபெறும். எட்டுப் பேரோ பத்துப் பேரோ வட்டமாக நிற்பர். அல்லது அவரவர் வீட்டிலிருந்தபடி, கணினித் திரையிலே சின்னஞ்சிறு கட்டங்களாகத் தெரிவர். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எது எனக்குத் தடையாக நிற்கிறது என்று ஒருவர் பின் ஒருவராக ஒப்புவிப்பர். கால் மணி நேரம் என்று சொல்லித் தொடங்குவது, முக்கால் மணி நேரம் நீள்வதும் உண்டு. இதற்கு ஸ்டாண்ட்-அப் என்று பெயர். இது அடங்கிய வேலைமுறைக்கு ஸ்க்ரம் என்று பெயர். அம்முறைக்குப் பின்னே நிற்கும் கொள்கைக்கு அஜைல் என்று பெயர்.

இந்த முறை வேண்டாம், வீழட்டும் என்று முழங்க நான் வரவில்லை. அப்படி முழங்குவோர் பலர் உளர். அந்தக் கண்ணாடி மாடங்களிலேயே, தேநீர் வேளையிலே, மெல்லிய குரலில் முழங்குகின்றனர். நான் கேட்பது வேறு. எழுதியபடி நடக்கிறதா என்று கேட்கிறேன். எழுதப்பட்டிருப்பது தொழிலாளரின் தன்னாட்சி. நடப்பதோ, தன்னாட்சி என்னும் பட்டாடை போர்த்திக்கொண்ட கங்காணி ஆட்சி! படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அந்த வித்தை இருபத்தோராம் நூற்றாண்டிலே, குளிரூட்டிய அறையிலே, எவ்வளவு நயமாக நடைபெறுகிறது என்பதை எடுத்துக்காட்டவே இந்தக் கட்டுரை.

முதலிலே எழுதியது என்ன என்று பார்ப்போம்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11 முதல் 13 வரை, அமெரிக்க நாட்டு யூட்டா மாநிலத்திலே, ஸ்னோபேர்ட் என்னும் பனிமலைச் சாரலிலே பதினேழு பேர் கூடினர். கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம், மார்ட்டின் ஃபௌலர், ரான் ஜெஃப்ரீஸ், ஜெஃப் சதர்லாண்ட், கென் ஷ்வேபர் ஆகியோர் அவர்களுள் சிலர். பதினேழு பேரிலே பெண் ஒருவர்கூட இல்லை; அதையும் இங்கே குறித்து வைக்கிறேன். முதலாளிகளின் மாநாடல்ல அது. மென்பொருளை எழுதிப் பழகியவர்கள், எழுதுவோர்க்கு வழிசொல்லிப் பழகியவர்கள் கூடிய கூட்டம். நான்கே வரிகளில் ஓர் அறிக்கை, அதற்குத் துணையாகப் பன்னிரண்டு கோட்பாடுகள், அவ்வளவுதான் அவர்கள் எழுதியது. கருவியைவிட மனிதன் பெரியவன். ஒப்பந்தத்தை வைத்து வாதாடுவதைவிட வாடிக்கையாளரோடு கூடி உழைப்பது மேல். திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட மாறுதலை ஏற்பது மேல் என்பது அதன் சாரம். கோட்பாடுகளிலே ஒன்று, உழைப்பவரை நம்பு என்கிறது. மற்றொன்று, சிறந்த வடிவமைப்பு தம்மைத் தாமே அமைத்துக்கொள்ளும் குழுக்களிடமிருந்தே பிறக்கும் என்கிறது. இன்னொன்று, எத்தனை காலமானாலும் தாங்கக்கூடிய சீரான வேகத்திலே வேலை நடக்கவேண்டும் என்கிறது.

இதைச் சாசனம் என்று நான் சொன்னால் மிகையா?

அதற்கு முன்னிருந்த நிலையையும் சொல்லவேண்டும்; சொல்லாவிட்டால் சாசனத்தின் அருமை விளங்காது. தேவைகளையெல்லாம் முதலிலேயே தடித்த ஏடுகளாக எழுதி, ஒப்பமிட்டு, பிறகு வரைந்து, பிறகு நிரல் எழுதி, கடைசியிலே சோதித்து, ஆண்டுகள் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குகிறவர் 'நான் கேட்டது இதுவல்லவே' என்பார். அருவி போலப் படிப்படியாக இறங்குவதால் அதற்கு வாட்டர்ஃபால் என்று பெயர் வந்தது. வேடிக்கை என்னவென்றால், 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்பார் அந்தப் படிகளைப் படம்போட்டுக் காட்டிய கட்டுரையிலேயே, இதை இப்படியே கையாண்டால் ஆபத்து என்றும் எச்சரித்திருந்தார். படத்தை எடுத்துக்கொண்டது உலகம்; எச்சரிக்கையை விட்டுவிட்டது. இந்த வழக்கத்தை நினைவில் வையுங்கள், தோழர்களே; பின்னால் தேவைப்படும்.

அந்தப் பழைய முறையின் வீழ்ச்சிக்கு அமெரிக்க உளவுத்துறையே சான்று. எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணினியிலே ஏற்ற முனைந்து, சுமார் 17 கோடி டாலரைக் கொட்டி, 2005-இல் அந்த முயற்சியையே கைகழுவியது. மறுபடி 2006-இல் சென்டினல் என்ற பெயரிலே பெரிய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. நாலாண்டு கழித்தும், பணம் பெரும்பகுதி கரைந்தும், வேலை முடியவில்லை. 2010-இல் அத்துறை வேலையைத் தன் கையிலே எடுத்தது, ஆட்களைக் குறைத்தது, சிறு குழுவாக, குறுகிய தவணைகளாக, அஜைல் வழியிலே செய்தது. 2012 ஜூலையில் அது துறை முழுவதும் ஓடத் தொடங்கியது. ஆகவே முறையைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆயிரம் பேரைக் குவித்து முடியாததை, நம்பிக்கை பெற்ற ஒரு சிறு குழு முடிக்கும் என்பதை நாடகக் கொட்டகையிலே வளர்ந்தவனுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

ஸ்க்ரம் அந்தச் சாசனத்துக்கும் மூத்தது. 1986-இல் தகேவுச்சி, நொனாகா என்னும் இரு ஜப்பானியப் பேராசிரியர்கள், ஹோண்டா, கேனன், ஃபியூஜி-ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்களிலே புதுப்பொருள் படைத்த குழுக்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினர். ரக்பி ஆட்டத்திலே பந்தைக் கைமாற்றிக்கொண்டே மொத்தக் குழுவும் முன்னேறுவதுபோல அக்குழுக்கள் வேலை செய்தன என்றனர். அந்த ஆட்டத்திலே தோளோடு தோள் கோத்து நிற்கும் நிலைக்குத்தான் ஸ்க்ரம் என்று பெயர். 1993-இல் ஜெஃப் சதர்லாண்ட் அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்தார். 1995-இல் கென் ஷ்வேபர் ஆஸ்டின் நகர மாநாட்டிலே அதைப் பற்றிய கட்டுரையைப் படைத்தார். அந்த ஜப்பானியக் கட்டுரையிலே ஓர் ஒப்புதல் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளிலே அதைப் பெரும்பாலும் படிப்பதில்லை. வேலை உச்சத்திலே அக்குழுவினர் திங்களுக்கு 100 மணி நேரம் மிகைவேலை செய்தனர் என்று பேராசிரியர்களே எழுதி, இம்முறையின் குறைகளுள் ஒன்றாக அதைச் சேர்த்திருந்தனர். 2001-இன் சாசனத்திலே 'தாங்கக்கூடிய வேகம்' என்னும் கோட்பாடு நிற்கிறதே, ஊற்றிலேயே கலந்திருந்த அந்த நஞ்சுக்கு அதுதான் மாற்றுமருந்து.

ஷ்வேபரும் சதர்லாண்டும் 2010-இல் ஸ்க்ரம் வழிகாட்டி என்னும் சிறு ஏட்டை வெளியிட்டனர், பலமுறை திருத்தினர், 2020-இல் வந்த பதிப்பு பதினைந்து பக்கம்கூட இராது. அதிலே தொழிலாளிக்கு எழுதப்பட்டுள்ள உரிமைகளைக் கேளுங்கள். ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று மதிப்பிடும் பொறுப்பு, அதைச் செய்யப்போகிறவர்களுக்கே உரியது. அதை எப்படிச் செய்வது என்பது அவர்களுடைய முடிவு மட்டுமே; வேறெவரும் கட்டளையிடக்கூடாது. ஒரு தவணைக்கு எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதையும் அவர்களே தேர்வு செய்வர். அன்றாடக் கால்மணி நேரக் கூட்டம் அவர்களுக்காக. மேலாளருக்குக் கணக்கு ஒப்புவிக்க அன்று. முன்னே இருந்த மூன்று கேள்விகளைக்கூட 2020-இல் நீக்கிவிட்டனர். அதைவிட முக்கியமான திருத்தம் 2011-இல் நடந்தது: இந்தத் தவணையிலே இவ்வளவு முடிப்போம் என்பதை 'வாக்குறுதி' என்று சொன்ன இடத்திலே, 'முன்கணிப்பு' என்று மாற்றினர். ஏன் மாற்றினர்? வானிலை ஆய்வாளர் நாளை மழை என்றார், பெய்யவில்லை. அதற்காக அவருக்குச் சம்பளத்தைப் பிடிப்போமா?

எழுதியது இது. இனி நடப்பதைப் பார்ப்போம்.

வேலையின் அளவை மதிப்பிடுவதற்கு ஒரு சீட்டாட்டம் உண்டு. 2002-இல் ஜேம்ஸ் கிரென்னிங் என்பார் வகுத்தது. இவரும் அந்தப் பதினேழு பேரில் ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று எண்ணிட்ட சீட்டுகளிலே ஒன்றைக் கவிழ்த்து வைப்பர். எல்லோரும் வைத்த பிறகே, ஒரே நேரத்தில் திருப்புவர். ஏன் இந்த மறைவு? மூத்தவர் முதலிலே வாய்திறந்தால் இளையவர் தம் கருத்தை விழுங்கிவிடுவார் என்பதனால். நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் சீட்டும், இருபதாண்டு அனுபவம் உள்ளவரின் சீட்டும் ஒரே எடை. ஒருவர் மூன்று வைத்து, மற்றவர் எட்டு வைத்தால், இருவரும் காரணம் சொல்வர். அதிலேதான் மறைந்திருக்கும் சிக்கல் வெளியே வரும். தோழர்களே, இது சீட்டாட்டமா? இரகசிய வாக்கெடுப்பு! பண்ணையார் முன்னே கையைத் தூக்கச் சொல்லி வாக்குக் கேட்ட காலத்தை ஒழித்து, மறைவிலே நின்று முத்திரை குத்தும் உரிமையைப் பெற்றோமே, அதே தத்துவம்!

அந்த வாக்குச்சாவடியிலே என்ன நடக்கிறது? ஒரு காட்சி காணுங்கள். கற்பனைக் காட்சிதான். ஆனால் அந்தச் சாலையிலே வேலைபார்க்கும் எவரிடமேனும் படித்துக்காட்டுங்கள். 'எங்கள் அலுவலகத்து ஆள் யார் உங்களிடம் சொன்னது?' என்று கேட்பார். ஆங்கிலத்திலே நடக்கும் உரையாடலைத் தமிழிலே தருகிறேன்.

மேலாளர்: மனந்திறந்து சொல்லுங்கள், இதற்கு எத்தனைப் புள்ளி? எனக்கு மூன்று என்று தோன்றுகிறது. ஆனால் முடிவு உங்களுடையது.

இளைஞர்: எட்டு ஆகும். பழைய நிரலைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அதற்குச் சோதனைகளும் எழுதப்படவில்லை.

மேலாளர்: (சிரித்து) எட்டா! பக்கத்துக் குழு இதே மாதிரி ஒன்றைப் போன தவணையிலே மூன்றில் முடித்ததே.

இளைஞர்: அது வேறு வேலை. இதிலே...

மேலாளர்: வாடிக்கையாளரிடம் இருபதாம் தேதி என்று சொல்லியாயிற்று.

பெண்: அப்படியானால் ஐந்து என்றாவது வைத்துக்கொள்ளலாம்.

மேலாளர்: பார்த்தீர்களா, குழு தானாகவே நெருங்கி வருகிறது! ஐந்தா, மூன்றா?

(மௌனம்.)

இளைஞர்: மூன்று.

மேலாளர்: நன்றி. குழு ஒருமனதாக ஏற்றது என்று குறித்துக்கொள்கிறேன்.

இந்தக் காட்சியிலே மிரட்டல் இல்லை, அதட்டல் இல்லை. மேலாளரைச் சார் என்று அழைக்கவும் தேவையில்லை. பெயரைச் சொல்லியே அழைக்கலாம். என்னே சமத்துவம்! ஆனால் இரண்டு வாரம் கழித்து, வேலை முடியாதபோது, அதே இனிய குரல் சொல்லும்: 'நீங்களே ஒப்புக்கொண்டதுதானே?' அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை நாடகமும். கங்காணி சாட்டையை வெளிப்படையாகக் கையிலே வைத்திருந்தான். அடிபட்டவன் அவனைத் திட்டவாவது முடிந்தது. இங்கே அடிபட்டவன் தன்னையே திட்டிக்கொள்கிறான். சனிக்கிழமை உட்கார்ந்து முடிக்கிறான், ஞாயிற்றுக்கிழமையும் உட்காருகிறான், இந்த ஏட்டை அவன் இன்று படிக்கிறானோ என்னவோ!

இருபதாம் தேதியை வாடிக்கையாளரிடம் சொன்னது யார் என்று கேட்கவேண்டும். இங்கேதான் நம் ஊர் நிலைமையின் வேர் இருக்கிறது. இங்குள்ள வேலையிலே பெரும்பங்கு, கடல் கடந்த நிறுவனங்களுக்காகச் செய்யும் ஒப்பந்த வேலை. விலை இவ்வளவு, ஆள் இத்தனை, செய்யவேண்டியவை இவை, முடிக்கவேண்டிய நாள் இது என்று விற்பனைக்காரர் நியூயார்க்கிலேயோ லண்டனிலேயோ கையொப்பமிட்டுவிடுகிறார். பிறகு அந்த ஒப்பந்தத்தின் மீது அஜைல் என்று ஒரு சீட்டை ஒட்டி, குழுவைக் கூட்டி, 'தோழர்களே, நீங்களே திட்டமிடுங்கள்' என்கின்றனர். மணநாள் குறித்து, மண்டபம் பேசி, அழைப்பிதழ் அச்சிட்டு, பந்தலும் போட்டபின், மணப்பெண்ணை அழைத்து 'உன் சம்மதம் என்னம்மா?' என்று கேட்பது உண்டல்லவா, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சுயமரியாதைத் திருமணத்தைக் கண்ட நாட்டிலே, சுயமரியாதைத் திட்டமிடல் மட்டும் ஏன் கூடாது? விலை, நாள், அளவு மூன்றையும் ஆணியடித்துவிட்டால், அசைவதற்கு மிஞ்சுவது இரண்டே. ஒன்று, உழைப்பவனின் உறக்கம். மற்றொன்று, செய்பொருளின் தரம்.

தரத்தைப் பற்றி ஒரு சொல். அந்தப் பதினேழு பேரிலே ஒருவரான வார்ட் கன்னிங்ஹாம், அவசரத்திலே எழுதிய நிரலை 1992-இலேயே கடன் என்று வருணித்தார். இன்று சீக்கிரம் முடியும். ஆனால் ஒவ்வொரு நாளும் வட்டி கட்டவேண்டும். நம் ஊரிலே அதைக் கந்துவட்டி என்று சொல்லியிருப்பார்! சோதனை எழுத நேரமில்லை, சீர்செய்ய நேரமில்லை என்று தவணைக்குத் தவணை கடன் ஏறுகிறது. கடனை வாங்குகிறவர், நாளைக் குறித்த மேலாளர். வட்டி கட்டுகிறவர், இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலிக்க எழுந்து உட்காரும் இளைஞர். மேலாளர் அதற்குள் பதவி உயர்வு பெற்று வேறு கணக்குக்குப் போயிருப்பார்.

இரவு என்றதும் நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கிலே காலை ஒன்பதரை மணிக்கு வாடிக்கையாளர் ஸ்டாண்ட்-அப் நடத்துவார். சென்னையிலே அப்போது இரவு ஏழு, அவர்களுடைய குளிர்காலத்திலே எட்டு. கலிபோர்னியா என்றால் இங்கே இரவு பத்து, குளிர்காலத்திலே பதினொன்று. காலை பத்துக்கு இங்கே ஒரு ஸ்டாண்ட்-அப், இரவு பத்துக்கு அங்கே ஒரு ஸ்டாண்ட்-அப். கைக்குழந்தையை உறங்கவைக்கும் வேளையிலே ஒலிவாங்கியை அணைப்பதும் திறப்பதுமாக அவதிப்படும் தாய்மாரை நான் அறிவேன். ஓரிரண்டு ஆண்டிலே அவர்களுள் சிலர் வேலையை விட்டுவிடுகின்றனர். 'சொந்தக் காரணம்' என்று பதிவேட்டிலே எழுதுகின்றனர்.

தவணைக்கு ஸ்பிரின்ட் என்று பெயரிட்டார்களே, அது ஒன்றுதான் மூலவர்களிடமே எனக்குள்ள பெரும் மனத்தாங்கல். ஸ்பிரின்ட் என்றால் குறுந்தூர ஓட்டம். நூறு மீட்டர் ஓடியவன் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்குவான். இரண்டு வாரத் தவணை என்றால் ஆண்டுக்கு இருபத்தாறு ஓட்டம்! ஒன்று முடிந்த மறுநாளே அடுத்தது. சாசனத்திலே தாங்கக்கூடிய வேகம் என்று எழுதிவிட்டு, முறையிலே மூச்சுமுட்டும் ஓட்டத்தின் பெயரை வைத்தால், முதலாளி எதைப் பிடித்துக்கொள்வான்? படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்ட கதை மீண்டும் நடந்தது.

புள்ளிக் கணக்கு இதைவிடக் கொடுமை. ஸ்டோரி பாயின்ட் என்பது இந்த வேலை அந்த வேலையைவிடப் பெரிதா சிறிதா என்று குழு தனக்குள் பேசிக்கொள்ள ஏற்பட்ட அளவு. ஸ்க்ரம் வழிகாட்டியிலே அந்தச் சொல்லே கிடையாது. இன்று ஜிரா என்னும் மென்பொருளிலே அது ஏறி, வரைபடமாகி, வெலாசிட்டி என்ற பெயரிலே மேலதிகாரியின் மேசைக்குப் போகிறது. இக்குழு நாற்பது, அக்குழு அறுபது. ஆகவே இக்குழு சோம்பேறி என்று தீர்ப்பு. குழுக்கள் என்ன செய்யும்? மூன்று புள்ளி வேலையை ஐந்து என்று எழுதும்; ஐந்தை எட்டு என்று எழுதும். நாணயத்தின் மதிப்பு இறங்குவதுபோலப் புள்ளியின் மதிப்பு இறங்கும், எண்கள் ஏறும், வேலை அதே வேலை. சாசனத்திலே கையொப்பமிட்ட ரான் ஜெஃப்ரீஸ், இந்தப் புள்ளி முறையைத் தாமே கண்டுபிடித்திருக்கக்கூடும் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் பின்னாளில் எழுதினார். 2018-இல், இப்படித் திணிக்கப்படும் அஜைலை நிரலாளர்கள் கைவிடவேண்டும் என்றே எழுதினார். அதற்கும் முன்னே, 2014-இல், மற்றொரு கையொப்பக்காரரான டேவ் தாமஸ், அஜைல் இறந்தது என்று தலைப்பிட்டே எழுதினார். பெற்ற தந்தையரே பிள்ளை கெட்டுவிட்டான் என்கின்றனர்; தத்தெடுத்தவர்கள்தாம் இன்னும் மாலை போட்டு ஊர்வலம் நடத்துகின்றனர்.

ஊர்வலத்துக்குப் புரோகிதர் வேண்டாமா? இருக்கின்றனர். இரண்டு நாள் பயிற்சி, ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். குறித்த ஆண்டுக்கொருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பிக்கவேண்டும். பிறகு சடங்கு நடத்தும் தகுதி வந்துவிடுகிறது. வழிகாட்டி ஏடு நிகழ்வு என்றுதான் சொல்கிறது. நம் அலுவலகங்களிலே வாய்நிறையச் சடங்கு என்றே சொல்கின்றனர். உண்மை தானாக வெளிவந்துவிட்டது! ஆனாலும் ஸ்க்ரம் மாஸ்டர் என்னும் அந்த மனிதரை நான் பகைவராகக் காட்டமாட்டேன். அவரும் மாதச் சம்பளக்காரர். 2023 ஜனவரியிலே அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி, அஜைல் பணிகள் என்ற பிரிவையே கலைத்துச் சுமார் 1,100 பேரின் வேலையை நீக்கியது. மந்திரம் ஓதியவர்க்கும் பாதுகாப்பில்லை.

'நிரல் ஒரு வரி எழுதத் தெரியாத நாடகக்காரன், கல்லூரியைப் பாதியிலே விட்டவன், இவனுக்கு ஏன் இந்த வேலை?' என்று கேட்பார் உண்டு. நிரல் எழுதத் தெரியாதுதான். ஆனால் மனிதரை வேலை வாங்குவது எப்படி, மனிதரோடு வேலை செய்வது எப்படி என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒத்திகை பார்த்தவனுக்குத் தெரியும். விளக்குப் போடுகிறவர் 'இந்தக் காட்சிமாற்றத்துக்கு நாற்பது விநாடி வேண்டும்' என்றால், எழுதியவன் வசனத்தை நீட்டவேண்டும். இருபதிலே முடி என்று கட்டளையிட்டால் நடிகன் இருட்டிலே நாற்காலி தடுக்கி விழுவான். வேலையின் அளவு வேலை செய்பவனுக்குத்தான் தெரியும். இதை ஒப்புக்கொள்ளப் பட்டம் எதற்கு?

இந்தப் போராட்டமும் புதிதல்ல. ஃபிரடெரிக் டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1911-இல் அறிவியல் மேலாண்மை என்று ஒரு நூல் எழுதினார். எஃகு ஆலையிலே நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்தவரை நாற்பத்தேழரை டன் சுமக்கவைத்ததாக அவரே பெருமையடித்துக்கொண்டார். கூலி 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டாயிற்று. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை! அவருடைய ஆயுதம், தொழிலாளியின் பக்கத்திலே நின்று அசைவை அளக்கும் நிறுத்துக் கடிகாரம். அதே 1911-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் அரசுப் படைக்கலச் சாலையிலே, அந்தக் கடிகாரத்தைக் கொண்டுவந்தவுடன் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தனர். நாடாளுமன்றம் விசாரித்தது, 1915-இல் அரசு ஆலைகளிலே அக்கடிகாரத்தைத் தடைசெய்து, நிதிச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. வார்ப்படக்காரர்கள் சொன்னது ஒன்றுதான்: எங்கள் வேலையின் நேரத்தை எங்களைக் கேளாமல் எவனோ குறிக்கக்கூடாது. தொண்ணூறாண்டு கழித்து, அதே உரிமையைச் சாசனமாக எழுதியும் கொடுத்தார்கள் பதினேழு பேர். கையிலே சாசனத்தை வைத்துக்கொண்டு கடிகாரத்துக்குத் தலைகுனிந்து நிற்கிறோம்!

ஏன்? தனித்தனியே நிற்பதனால். தவணை முடிவிலே ரெட்ரோ என்று ஒரு கூட்டம் உண்டு. என்ன குறை, எப்படித் திருத்தலாம் என்று குழுவே பேசும் கூட்டம். இம்முறையிலேயே எனக்கு மிகப் பிடித்தது அது. மஞ்சள் தாளிலே 'வேலை மிகுதி' என்று எழுதி ஒட்டுகின்றனர். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் 'வேலை மிகுதி'. ஆண்டுக்கு இருபத்தாறு முறை ஒட்டலாம். ஒட்டுகிறவர்க்கு மாற்றும் அதிகாரம் இல்லாதவரை பசைதான் செலவு. அந்த அதிகாரம் குழுவுக்கு வெளியே, ஒப்பந்தத்திலே இருக்கிறது. ஒப்பந்தத்தை எட்டக்கூடிய கை, சங்கத்தின் கை.

1918-இல் இந்தச் சென்னையிலேதான், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நண்பகல் உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது அன்றைய முறையீடுகளுள் ஒன்று. சில நிமிடங்கள் கேட்டுத் தொடங்கிய சங்கம் அது. 1923 மே முதல் நாள், சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொண்டாடினார். அதே கரையை ஒட்டித் தெற்கே நீளும் நிலத்திலேதான் இன்றைய கண்ணாடி மாடங்கள் நிற்கின்றன. 'நாங்கள் தொழிலாளர் அல்லர், வல்லுநர்' என்று அங்கே பலர் நெடுநாள் எண்ணியிருந்தனர். 2016-இல் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறை, தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு எழுப்பலாம் என்று தெளிவுபடுத்தியது. கதவு திறந்தது, உள்ளே நுழைந்தவர் எண்ணிக்கை இன்னும் குறைவு. சங்கம் என்றதும் அவர்கள் கூலி உயர்வை மட்டும் நினைக்கின்றனர். புள்ளிக் கணக்கைச் சம்பள மதிப்பீட்டிலே சேர்க்கக்கூடாது, மதிப்பீட்டின்போது மேலாளர் வாய்திறக்கக்கூடாது, இரவுக் கூட்டத்துக்கு ஈடாகக் காலை ஓய்வு வேண்டும் என்பன கூடச் சங்கக் கோரிக்கைகளே. ஸ்க்ரம் வழிகாட்டியை மேசைமீது வைத்துக்கொண்டே முதல் இரண்டையும் கேட்கலாம்.

முதலாளியை மட்டும் கேட்டால் போதுமா? அரசும் மென்பொருள் வாங்குகிறது. கோட்டையிலிருந்து வட்டாட்சியர் அலுவலகம் வரை சான்றிதழும் பட்டாவும் கணினி வழியாகவே போகின்றன. அவற்றைச் செய்யக் கோரும் ஒப்பந்தப்புள்ளி எப்படி இருக்கிறது? செய்யவேண்டியவை அனைத்தும் முதலிலேயே தடித்த ஏடாக எழுதி, நாள் குறித்து, 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டத்தின்படி குறைந்த விலை சொன்னவர்க்கே கொடுக்கவேண்டிய நிலை. ஊழலைத் தடுக்க வந்த சட்டம்; அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. விலையை ஒட்டுமொத்தமாகக் கேட்காமல் தவணைக்கு இவ்வளவு என்று கேட்கலாம். முதல் மூன்று திங்களிலே ஒரே ஒரு சேவையை ஒரே ஒரு வட்டத்திலே ஓடவிட்டுக் காட்டச் சொல்லலாம். அதைக் கையாளும் எழுத்தரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அந்தக் குழுவோடு உட்காரவைக்கலாம். வேலை நேர வரம்பை ஒப்பந்தத்திலேயே ஒரு விதியாக எழுதலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தப்புள்ளியை எழுதும் துறைச் செயலாளர், பேனாவைத் திறக்குமுன் தம் அலுவலகத்திலே அந்த மென்பொருளோடு அன்றாடம் மல்லாடும் எழுத்தரை ஒருமுறை அழைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சொல்லட்டும்.